அக்கா சொல்லாமல் விட்ட அளவு

கண்ணாடி வெட்ட வருகிறவர்களில் அளவு தெரியாமல் வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். 'இவ்வளவு' என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள். விரித்த கையை மடக்காமல் வீட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவருக்கு வெட்டிக்கொடுத்த கண்ணாடி கச்சிதமாகப் பொருந்தியது. அளவு தெரியும் என்று வருகிறவர்கள்தான் உயிரை எடுப்பார்கள்.

அக்காவைக் கட்டிய என் அத்தான் இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. அளவை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். கடை வாசலில் செருப்பைக் கழற்றினார், கழற்ற வேண்டியதில்லை என்று சொன்னதும் மாட்டிக்கொண்டார், தொண்டையைச் செருமினார்.

"கீழ்ப் பக்கம் நாப்பது இன்ச். வலது பக்கம் இருபத்தொம்பது. இடது மூலையில கோணம் நாப்பத்தஞ்சு டிகிரி."

முக்கோண ஜன்னலாம். மாடிப்படி திரும்புகிற இடத்தில் உயரத்தில் இருக்கிறதாம். பந்து பட்டு உடைந்துவிட்டதாம். யார் வீட்டுப் பந்து என்பதையும் சொன்னார். அப்பா காலத்து, ஒரு பக்கம் பூ புடைத்த பூக்கண்ணாடியில் மிச்சம் ஒரு துண்டு கடையில் இருக்குமே, அதையே போட்டுவிடச் சொன்னாளாம். யார் சொன்னாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா பெயரை என் முன்னால் எடுக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்துவந்தார்கள்.

அக்காவும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள், கடையில் இருந்தவள் நான். கடைசி நாளன்று நான் போய்ச் சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். கையில் கண்ணாடித் தூள் அப்படியே ஒட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்த வராந்தாவில் அக்கா என்னைப் பார்த்து, "ஒரு நாள் கடையை மூடிட்டு வரணும்னு உனக்குத் தோணலையா?" என்று கேட்டாள். கடையை மூடாதே, நான் வீட்டுக்கு வரும்போது திறந்திருக்க வேண்டும் என்று அப்பாதான் என்னிடம் சொல்லியிருந்தார். அதை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்தபோது சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்கு வலித்தது. இப்போதும் வலிக்கத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு அவள் புது வீடு கட்டிப் போனாள். அத்தான் வந்து அழைத்தார். என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, வீடு நன்றாக இருக்கிறது என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காற்றோட்டமாக இருக்கிறது என்றார். அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அத்தான் போனதும் வெட்டுகிற மேஜையில் பழைய அட்டை ஒன்றை விரித்தேன். கண்ணாடியில் கை வைக்கும் முன் அட்டையில் வரைந்து பார்ப்பது அப்பா போட்ட வழக்கம். நாற்பது இன்ச்சுக்குக் கீழ்க் கோடு போட்டேன். இடது மூலையில் நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு சாய்வுக் கோட்டை நீளமாக இழுத்து விட்டேன். அது எங்கே நிற்க வேண்டும் என்பதை வலது பக்கம்தான் சொல்ல வேண்டும். ஒரு நூலில் சாக்பீஸைக் கட்டி, இருபத்தொன்பது இன்ச் விட்டு, வலது மூலையில் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு சுற்றினேன்.

சாக்பீஸ் சாய்வுக் கோட்டை ஓர் இடத்தில் தொட்டது. தாண்டிப் போய், வளைந்து வந்து, இன்னோர் இடத்தில் மறுபடி தொட்டது.

நூல் தளர்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி சுற்றினேன். இரண்டாவது தடவையும் இரண்டு இடம். ஒரு புள்ளியில் நிறுத்தினால் சாய்வுப் பக்கம் முப்பத்து நாலே முக்கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. இன்னொரு புள்ளியில் நிறுத்தினால் இருபத்திரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று பெரிய முக்கோணம், ஒன்று சின்ன முக்கோணம். அத்தான் ஒப்பித்த மூன்று எண்ணும் இரண்டுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தின. மேஜையில் இரண்டு ஜன்னல்கள் கிடந்தன. அவள் வீட்டில் இருப்பது ஒரு ஜன்னல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா கணக்கு டீச்சர். இந்தப் பாடத்தைத்தான் வருஷா வருஷம் நடத்துகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அறையில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "ரெண்டு பக்கத்தைக் குடுத்து, நடுவுல இல்லாத கோணத்தைக் குடுத்தா ரெண்டு முக்கோணம் வரலாம்னு ஒரு கழுதைக்கும் தோணலையே" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அவள் எதையும் தற்செயலாகச் செய்கிறவள் இல்லை. கடை போர்டில் எழுத்துப் பிழை இருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போவாள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவள் ஒரு பக்கத்தை அளக்க மறந்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

நான் போன் பண்ண வேண்டும். அதுதான் அவள் கணக்கு. போன் பண்ணி, மூன்றாவது பக்கம் எவ்வளவு என்று நான் கேட்க வேண்டும். அவள் ஒரு வினாடி தாமதித்து, டீச்சர் குரலில், ஓர் எண்ணைச் சொல்வாள். ஆக முதலில் பேசியவள் நான் என்று ஆகிவிடும். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவளோடு பேச வேண்டும் என்று மூன்று வருஷமாக எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஆசை வேறு, முதலில் பேசுவது வேறு.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வண்டி ஓட்டுவார், அலுமினியச் சட்டம் அடிப்பார், யாரோடும் சண்டை போட மாட்டார். நேரே போய் அந்தச் சாய்வுப் பக்கத்தை மட்டும் அளந்து வரச் சொன்னேன். டேப்பைக் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனவர் சாயங்காலம் வந்தார்.

"அளந்தீங்களா?"

"சாப்பிட்டேன்."

மெல்ல மெல்ல விஷயத்தை வாங்கினேன். ஏணியைக் கேட்டாராம். ஏணி பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அக்கா சொன்னாளாம். ஏணி அவருக்குப் பின்னால் சுவரில்தான் சாய்ந்திருந்ததாம். அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டாராம். சரி, ஜன்னல் பார்க்க எப்படி இருந்தது, மேல் மூலை கூராகக் கூம்பியிருந்ததா, அகலமாக இருந்ததா என்று கேட்டேன். யோசித்தார். ஜன்னலை அவர் பார்க்கவில்லை. மழைச் சாரல் அடிக்காமல் இருக்க அதன் மேல் பெரிய அட்டை ஒன்றை அக்கா ஆணி அடித்து வைத்திருக்கிறாள். அட்டை சதுரமாக இருந்தது என்றார். என்னைப் பற்றி விசாரித்தாளா என்று அவரே என் சார்பில் கேட்டுக்கொண்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். ஆனால் கோணத்தை மறுபடி உறுதிப்படுத்தினாளாம். சரியாக நாற்பத்தைந்தாம்.

கடையில் மிச்சம் இருந்த பூக்கண்ணாடி ஒரே ஒரு துண்டு. அந்தப் பூ இப்போது எங்கும் கிடைப்பதில்லை. வேறு கண்ணாடி போட்டு அனுப்பலாம்தான். அப்பா கண்ணாடியைக் கேட்டவளுக்கு வேறு கண்ணாடி போட எனக்கு மனசு ஒப்பவில்லை. கோபம் இருக்கும்போதே மனசு ஒப்பாமலும் இருக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. துண்டில் ஒரு முக்கோணம்தான் எடுக்கலாம். பெரியதை வெட்டுவதா, சின்னதை வெட்டுவதா என்று அட்டையைப் பார்த்துக்கொண்டே ராத்திரிச் சாப்பாட்டை முடித்தேன்.

விடை அட்டையிலேயே இருந்தது. இரண்டு முக்கோணத்துக்கும் கீழ்ப் பக்கம் ஒன்றுதான், இடது மூலை ஒன்றுதான். பெரியதன் வயிற்றுக்குள்ளேயே சின்னது உட்கார்ந்திருக்கிறது. பெரியதை வெட்டி எடுத்துக்கொண்டு போனால் போதும். பொருந்தினால் மாட்டிவிடலாம். பொருந்தாவிட்டால் அங்கேயே ஒரு கோடு போட்டு ஒடித்தால் சின்னது வந்துவிடும். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஒரே ஒரு சங்கடம்தான். பூக்கண்ணாடியில் கோடு போட்டு ஒடிக்க என் வீட்டுக்காரருக்கு வராது. நான்தான் போக வேண்டும். அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டிக் கொடுத்து, ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவரையே மறுபடி அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

பள்ளிக்கூடம் நடக்கிற நாளாக, காலை பத்து மணியாகப் பார்த்துப் போனேன். அவள் வகுப்பில் இருப்பாள், அத்தான் மட்டும் வீட்டில் இருப்பார், மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு, வேறு ஒரு வீட்டில் சட்டம் அடிக்க வேண்டும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கதவைத் திறந்த அத்தான் குரலைத் தாழ்த்தி, "இந்த வாரம் பூரா லீவு போட்டுட்டு உக்காந்திருக்காம்மா" என்றார்.

படிக்கட்டுக்கு அடியில் மேஜை போட்டு அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. முன் நெற்றியில் நரை கூடியிருந்தது. மூக்குக் கண்ணாடி புதியது, முகத்துக்குக் கொஞ்சம் பெரியது. ஏணி படிக்கட்டுத் திருப்பத்தில் ஜன்னலுக்கு நேர் கீழே, தயாராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது போலும்.

கண்ணாடியைத் துடைக்க ஒரு பழைய துணி வேண்டும் என்று அத்தானிடம் சொன்னேன். அத்தான் மேஜைப் பக்கம் திரும்பி, துணி வேண்டுமாம் என்றார். அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்று அக்கா விடைத்தாளிடம் சொன்னாள். அத்தான் என் பக்கம் திரும்பி, இரண்டாவது தட்டு என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தோம். குறடு, ஆணிப் பெட்டி, தண்ணீர் எல்லாம் இந்த மாதிரியே வந்து சேர்ந்தன. டீ குடிக்கிறாயா என்கிற கேள்வியும் வந்தது, வேண்டாம் என்கிற பதிலும் போனது. அதற்குள் அத்தானுக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடியை ஏணி மேல் எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு வேலை இருக்கிறது என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அட்டையை முன்பே பிடுங்கியிருந்தேன். மேல் மூலை கூம்பித்தான் இருந்தது. ஆனால் கண்ணை நம்பி இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது. கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தேன். இடது மூலை உட்கார்ந்தது. கீழ்ப் பக்கம் உட்கார்ந்தது. சாய்வுப் பக்கம் மேல் மூலைவரை ஒரு நூல் இடைவெளியோடு போய் நின்றது. பெரிய முக்கோணம்தான். வெட்ட வேண்டிய வேலையே இல்லை.

ஜெயித்துவிட்டேன். கேட்கவில்லை, பேசவில்லை, கண்ணாடி வீணாகவில்லை. நாலு பக்கமும் மாவுபோல் பிசைந்த பட்டியை அப்பினால் வேலை முடிந்தது. மூன்று பக்கம்தான், எனக்கு அப்போது எண்ணிக்கை சரியாக வரவில்லை. அதன் பிறகு ஏணியை விட்டு இறங்கி, துணியை மடித்து வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். இனி இந்த வீட்டில் இன்னொரு ஜன்னல் உடைந்தால்தான் உண்டு. ஏணியில் நின்றபடியே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே சிவப்புப் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பூக்கண்ணாடியில் பூ இருக்கிற பக்கத்தில் வெட்டுகிற டைமண்ட் ஓடாது. வழவழப்பான பக்கத்தில்தான் கோடு போட வேண்டும். மாட்டும்போது பூ வீட்டுக்குள் பார்க்க வேண்டும். ஆகவே வெட்டும்போது இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதில் ஒரு தடவையாவது சறுக்குவார்கள். கண்ணாடிக் கடையில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது தெரியும், கணக்கு டீச்சராகப் போனவளுக்கும் தெரியும்.

நான் கண்ணாடியை வெளியே எடுத்தேன். பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பினேன். பூ வெளியே பார்க்க, சட்டத்தில் வைத்தேன்.

பொருந்துமா? கூரான மூலை வலது பக்கம் போய்விட்டது. இடது பக்கம் கண்ணாடி சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, வலது பக்கம் வானம் தெரிந்தது. ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு, பொருந்தாத மூலையை மறு கையால் தட்டிப் பார்த்தேன். தலையைச் சாய்த்து யோசிப்பது போல நின்றேன். மறுபடி தட்டினேன். இவ்வளவு மோசமாக நான் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

சிவப்புப் பேனா நின்றது.

நான் பட்டியை எடுத்து, அந்தக் கோணல் கண்ணாடியின் ஓரத்தில் அப்பப் போனேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மூச்சை இழுத்து விடுகிற சத்தமும் கேட்டது. அவள் பொறுத்துக்கொள்ளப் பார்த்தாள் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். கட்டை விரலில் பட்டியை உருட்டிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு மூலையில் வைத்து அழுத்தினேன்.

"திருப்பி வை" என்றாள் அக்கா.

"என்ன?"

"கண்ணாடியத் திருப்பி வை. பூ வெளிய பாக்குது." குரல் நான் நினைத்தது போல டீச்சர் குரலாக இல்லை. "முதல்ல வெச்சப்பவே சரியாத்தான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் தப்பா வெக்கிறே."

"நீ தெரிஞ்சேதான் ஒரு அளவ விட்டே."

நான் கீழே பார்க்கவில்லை. கண்ணாடியைச் சட்டத்திலிருந்து எடுத்து மார்போடு வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்வாள், மறந்துவிட்டது என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"மூணு பக்கத்தையும் குடுத்திருந்தா கண்ணாடி மட்டும்தான் வந்திருக்கும்" என்றாள்.

இரண்டு கையிலும் கண்ணாடி இருந்ததால் எனக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ள வழியில்லை. எதிரே மூன்று பக்கச் சட்டத்துக்குள் யார் வீட்டுக் கொடியிலோ துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அப்பாதான் கடைய மூடாதேன்னாரு."

"தெரியும். அன்னிக்குத் தெரியாது. அப்புறம் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரரோட சம்சாரம் சொன்னாங்க, உங்கிட்ட அவரு சொன்னத அவங்க கேட்டிருக்காங்க. அதுக்கப்புறம் உங்கிட்ட வந்து எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியல."

எத்தனை பெரிய படிப்பு படித்தவள், இதற்கு மட்டும் வழி தெரியாமல் மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன. கண்ணாடியைத் திருப்பினேன். பூ உள்ளே பார்க்க, இடது மூலையை முதலில் உட்கார வைத்தேன். மற்ற இரண்டு மூலையும் தானாகப் போய் உட்கார்ந்தன. ஆனால் ஆணியை எடுக்கக் கையை விட முடியவில்லை. ஏணி சுவரோடு கடகடத்தது.

"ஏணி ஆடுதுக்கா" என்றேன்.

"ஏணி ஆடல" என்றாள். குரல் என் காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "நான் பிடிச்சிருக்கேன். நீதான் ஆடறே."